வெள்ளையம்மன் தீர்த்தம்

மலைக்கொழுந்து ஒரு தெய்வத்தை ஏலத்தில் எடுத்திருந்தார். பெட்டியைப் பிரித்ததும் அதன் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டி, "நல்ல கல்லு" என்று நற்சான்றும் கொடுத்துவிட்டார். மதுரைப் பக்கம் ஏழெட்டு மலைகளைத் தரைமட்டமாக்கி, உலகத்துச் சமையலறைகளுக்கெல்லாம் மேடைப்பலகை போட்டு விற்றவர் அவர். கல்லைப் பற்றி அவர் சொன்னால் அப்பீல் கிடையாது என்பது அவருடைய சொந்தக் கருத்து. மறுத்துச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் சுற்றி நின்ற எல்லோரும் அவரிடம் வேலை பார்க்கிறவர்கள்.

மரகதவல்லி மட்டும் வேலைக்காரி இல்லை. அவள் வக்கீல். கையைக் கட்டிக்கொண்டு சிலையை அண்ணாந்து பார்த்தாள். ஆளை விட உயரமான வெள்ளைப் பளிங்கு. ஒரு கையில் கதிர்க்கட்டு, கோதுமையின் மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. முகம்தான் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. கீழுதடு லேசாகச் சுழித்திருந்தது. எதிரே நிற்கிறவர்களில் ஒருவரையும் பொருட்படுத்தாத முகம். மரகதவல்லி தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகமும் ஏறக்குறைய அதுதான்.

"இந்த அம்மா பேரு என்னமோ சொன்னீங்களே வக்கீலம்மா?"

"தெமீத்தர். பயிர் பச்சைக்குப் பொறுப்பான தேவி. கிரேக்கத்துல ஒரு சின்னத் தீவுல கோயில் இருந்துச்சு."

"அப்ப நம்ம மாரியாத்தா மாதிரி."

"மாதிரி எல்லாம் இல்ல சார். அவங்க யாரோ, இவங்க யாரோ."

ஐரோப்பாவின் வடகோடியில் ஓர் அருங்காட்சியகம் இரண்டு நூற்றாண்டுகளாக இந்தத் தேவியைப் பூட்டி வைத்துக்கொண்டு, 'உங்களுக்குப் பாதுகாக்கத் தெரியாது' என்று கிரேக்கர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. கடல் மட்டம் ஏறி அதன் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்த அன்று பாடம் முடிந்தது. காப்பீடு கொடுக்க எவனும் முன்வரவில்லை. 'உலகத்தின் பொதுச் சொத்து' என்று மார்தட்டியவர்கள் அங்கிருந்தவற்றை ஒவ்வொன்றாக ஏலம் விட்டார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு எட்டாத மேட்டில், மலைக்கொழுந்து தன் பெயரில் ஓர் உலகக் கலைக்கூடம் கட்டி, சுவரில் என்ன மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கிரேக்கம் உலகக் கலைப்பொருள் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டது. தேவியைத் திருப்பிக் கொடு என்றது. மலைக்கொழுந்து தன் தரப்புக்கு மரகதவல்லியைத் தேடிப் பிடித்தார். இதில்தான் ஊர் சிரித்தது. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருந்த நம் சாமிகளைத் திருப்பிக் கொடு, திருப்பிக் கொடு என்று முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் மரகதவல்லி. அவளால் ஊர் திரும்பிய நடராஜர்கள் மட்டும் ஒரு சந்நிதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் போய், 'கொடுக்க மாட்டேன்' என்கிறவனுக்கு வக்காலத்து வாங்கினாள்.

காரணம் ஒன்றே ஒன்று. அவளுடைய சொந்த ஊரான சேந்தனேரியின் துர்க்கை இன்னும் வரவில்லை. கன்னங்கரிய கருங்கல் துர்க்கை. மரகதவல்லி பிறப்பதற்கு முன்பே பெயர்த்தெடுக்கப்பட்டு, கப்பலேறி, வேறொரு வடதேசத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறாள். மரகதவல்லி அவளைப் புகைப்படத்தில் பார்த்ததோடு சரி. அரசு கையெழுத்துப் போட்டால்தான் மீட்பு மனுவைத் தீர்ப்பாயம் வாங்கும். செயலர்கள் மாறினார்கள், அமைச்சர்கள் மாறினார்கள், கையெழுத்து மட்டும் விழவில்லை. சேந்தனேரிக்காரர்களும் கவலைப்படவில்லை. வெற்றுக் கருவறையில் சிமெண்டில் ஒரு துர்க்கையைச் செய்து, தலைக்குப் பின்னால் சுழலும் விளக்கைப் பொருத்தி நிம்மதியாகக் கும்பிட்டார்கள். அவர்களை நினைத்தாலே மரகதவல்லிக்கு நெஞ்செரியும். நிஜமாகவே எரியும், கைப்பையில் எப்போதும் மாத்திரை வைத்திருப்பாள்.

"என் அம்மனை நீங்க காப்பாத்திக் குடுங்க, உங்க அம்மனுக்கு நான் கையெழுத்து வாங்கித் தாரேன்" என்று மலைக்கொழுந்து சொன்னார். அரசாங்கம் அவர் சட்டைப்பையில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். அவள் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்த அன்று தீர்ப்பாயத்தின் பொறியாளர் ஷாநவாஸும் பந்தமானி என்ற கருவியோடு வந்திருந்தார். வழுக்கைத் தலை, சிரிக்காத முகம், திருச்சிக்காரர். தேவியின் கால் முதல் தலை வரை சிறு விளக்கு மாதிரி ஒன்றை நகர்த்திக்கொண்டே போனார்.

"இது என்னத்தைங்க பாக்குது?" என்றார் மலைக்கொழுந்து.

"யாரு இந்தக் கல்லோட பழகியிருக்காங்கன்னு பாக்குது சார். தொடுற கையில எண்ணெய்ப் பசை இருக்கு, வேர்வை இருக்கு. பக்கத்துல நின்னு வேண்டிக்கிட்டா மூச்சு படும். விளக்கு வச்சா புகை. எல்லாம் கல்லோட தோல்ல இறங்கி அங்கயே தங்கிடும். எந்தக் காலம், எந்த ஊர்த் தூசி, எவ்வளவு பேருன்னு இது பிரிச்சுக் காட்டிடும். மொத்தத் தோலும் ஒரு நகத்தோட கனம்கூட வராது. ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷமும் அதுக்குள்ள இருக்கு."

"அதை வச்சு?"

"பந்தம் எங்க ஜாஸ்தியோ சிலை அங்க போகும். அதான் உடன்படிக்கை."

யார் செய்தது, யார் திருடியது என்று நோண்டினால் வழக்கு முடியவே முடியாது என்று நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கை அது. உயிருள்ள பந்தம் எங்கே இருக்கிறதோ பொருள் அங்கே. 'திருட்டு' என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் கிடையாது. எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் அதில் வியப்பும் கிடையாது.

ஷாநவாஸ் திரையைத் திருப்பிக் காட்டினார். "கிரேக்கம்தான் அடர்த்தி. கோயில் இருந்த காலம் இது. கோயில் இடிஞ்ச பிறகும் விடல பாருங்க, ஊர்ப் பொம்பளைங்க வந்து எண்ணெய் தடவியிருக்காங்க. அறுப்பு முடிஞ்சு முதல் கதிரைக் கையில சொருகியிருக்காங்க. அப்புறம் ஐரோப்பா. அங்க ஒண்ணும் இல்ல, வெறும் தூசி. தொடாதேன்னு பலகை வச்சிருந்திருப்பாங்க. கடைசியா உங்களது."

"எங்களது எவ்வளவு?" என்றாள் மரகதவல்லி.

"இப்ப ஐயா இடுப்புல தட்டினாரே, அந்த ரெண்டு தட்டு."

மலைக்கொழுந்தின் முகம் சுருங்கியது. "அப்ப தோத்தாச்சா?"

"இது முதல் அளவீடு. அடுத்த வருஷம் இறுதி அளவீடு. அதுவரைக்கும் சிலை இங்கதான். இங்க நிக்கிற வரைக்கும் யார் வந்து தொட்டாலும் அந்தப் பந்தம் உங்க கணக்குலதான் சேரும். உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன்னு பேதம் இல்ல."

மரகதவல்லி சிரித்துவிட்டாள். இவ்வளவு பெரிய உடன்படிக்கையை எழுதிய மேதைகளில் ஒருவன்கூட ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தமிழ்நாட்டுக் கோயில் எதற்குள்ளும் காலை வைத்ததில்லை என்று தெரிந்தது.

"சார், 'தொடாதே' பலகையை முதல்ல கழட்டச் சொல்லுங்க. நல்ல பூசாரியாப் பாருங்க" என்றாள்.

அடுத்த மாதமே தெமீத்தர் வெள்ளையம்மன் ஆனாள். கலைக்கூடத்தின் நடுக் கூடத்தில் பித்தளைக் குத்துவிளக்கு ஏறியது. கொண்டல்சாமி என்கிற பூசாரி வந்தார். மண்டபம், மேளம், பந்தல், அன்னதானம் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்து கொடுக்கிற ஆள். இந்த அம்மன் எந்த ஊர், எந்தக் குலம் என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "அபிஷேகம் ஒரு வேளையா, மூணு வேளையா?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு வேளை" என்றாள் மரகதவல்லி.

நல்லெண்ணெய், பால், தயிர், இளநீர், பஞ்சாமிர்தம், எலுமிச்சைச் சாறு, சந்தனம் என்று தலைவழியாக ஊற்றினார்கள். முதலில் குவாரித் தொழிலாளிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் விட்டார்கள். அவர்களும் மேஸ்திரி சொன்னபடி பாதத்தைத் தொட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஓட்டுக்குக் கூட்டி வருகிற கூட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மரகதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் மூன்று மாதத்தில் கூட்டம் தானாக வர ஆரம்பித்தது. வெள்ளையம்மன் தீர்த்தம் ஒரு மடக்குக் குடித்தால் தீராத நெஞ்செரிச்சல் தீருகிறது என்று பேச்சு. செங்கல்பட்டிலிருந்து வந்தார்கள், வேலூரிலிருந்து வந்தார்கள். புளிச்ச ஏப்பக்காரர்கள், வயிற்றுப்புண்காரர்கள், பந்தியில் அளவு தெரியாதவர்கள் எல்லோரும் அம்மனின் காலடியில் பாட்டிலோடு நின்றார்கள். தீர்த்தம் லேசாகப் பால் கலந்த மாதிரி வெளிறி இருந்தது. அது அம்மனின் அருள் நிறம் என்றார் கொண்டல்சாமி. மலைக்கொழுந்து மெய்சிலிர்த்துப் போய் வெள்ளியில் கவசம் செய்து போட்டார். மூக்குத்தி, புல்லாக்கு, அகன்ற கண் எல்லாம் வைத்த கவசம். அதன் மேல் பட்டுப்புடவை. தேவியின் சொந்த உடம்பு என்று வெளியே தெரிந்தது பாதம் மட்டும்தான்.

ஆடி மாதத்தில் கிரேக்கத் தரப்பிலிருந்து தெஸ்பீனா வந்தாள். அவர்கள் அரசாங்கம் அனுப்பியது அந்த ஓர் அகழாய்வுக்காரியை மட்டும்தான். அமைச்சருக்கு இதைவிட முக்கியமான வேலை இருந்தது. தேவி கிடைத்தால் புது விமான நிலையத்தில், வாசனைத் திரவியக் கடைக்கு எதிரே நிறுத்துவது என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். தெஸ்பீனாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம். காதில் மாட்டிய மொழிபெயர்ப்பி அவள் பேசிய கிரேக்கத்தைச் செய்தி வாசிப்பவரின் தமிழாக்கி மரகதவல்லியின் காதில் கொட்டியது.

"அந்த வெண்ணிறத் திரவம் என்ன?"

"தயிர்."

"அது புளிப்பானதா?"

"நல்லாப் புளிச்சிருந்தாத்தான் விசேஷம்."

தெஸ்பீனா ஓர் அடி முன்னால் வந்தாள். "அம்மையீர், இது பளிங்கு. உங்கள் கருங்கல் அல்ல. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்."

"எங்க சாமிக்கு எதை ஊத்தணும், எதை ஊத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லித் தர வேண்டாம். எங்களுக்குச் சாமியைப் பாத்துக்கத் தெரியாதுன்னு சொன்னவங்களோட முப்பது வருஷமா மல்லுக்கு நின்னுட்டுத்தான் இங்க வந்திருக்கேன்."

"அவள் உங்கள் சாமி அல்லள்" என்றது செய்தி வாசிக்கும் குரல், எந்த உணர்ச்சியும் இல்லாமல். தெஸ்பீனாவின் முகத்தில் இருந்த உணர்ச்சியைப் பார்க்கப் பிடிக்காமல் மரகதவல்லி வேறு பக்கம் பார்த்தாள். விமான நிலையத்தில் நிறுத்தப் போகிறவர்களுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று நினைத்தாள்.

தெஸ்பீனா எழுதிக் கொடுத்த ஆட்சேபத்தைத் தீர்ப்பாயம் தள்ளிவிட்டது. வழிபாட்டு முறையில் தலையிடுவது நாகரிகமில்லையாம்.

அதற்கு அடுத்த வாரம் மரகதவல்லி கூட்டத்தோடு நின்றிருந்தபோது வழக்கம்போல நெஞ்சு எரிந்தது. மாத்திரை தீர்ந்து போயிருந்தது. கொண்டல்சாமி உத்தரணியில் தீர்த்தத்தை நீட்டினார். சும்மா இருக்கட்டும் என்று வாங்கிக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது. நாக்கில் மட்டும் ஏதோ மிச்சம் இருந்தது. நரநரவென்று, மாவு மாதிரி. அந்த ருசி அவளுக்கு ரொம்பப் பழக்கம். தினம் சப்புகிற மாத்திரையின் ருசி. சுண்ணாம்பு. பளிங்கும் அதுதான்.

வரிசையில் ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டி, வாங்கி, கண்ணில் ஒற்றி, குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்தது அம்மனைத்தான்.

நடை சாத்தியதும் கொண்டல்சாமியைக் கவசத்தைக் கழற்றச் சொன்னாள். மூக்கின் நுனி மழுங்கியிருந்தது. இமைகளின் ஓரம் குழைந்து போயிருந்தது. அந்தச் சுழித்த உதடு இல்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற சாதுவான முகம் ஒன்று அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"இது தெரியுமா உங்களுக்கு?"

"அம்மன் சாந்தமாயிட்டு வர்றா" என்றார் கொண்டல்சாமி.

நேரே மலைக்கொழுந்திடம் போனாள். அவர் சோபாவில் சாய்ந்து தீர்த்தம்தான் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வாய்வுத் தொல்லை.

"சார், சிலை கரையுது. தயிரும் எலுமிச்சையும் பளிங்கை அரிக்கும்."

"யாருகிட்ட வந்து கல்லைப் பத்திப் பேசுறீங்க வக்கீலம்மா? நாப்பது வருஷமாக் கல்லோட பொரண்டவன் நான். வெடி வச்சாத்தான் கல்லு அசையும். தயிருக்குக் கரைஞ்சா அது கல்லா, சர்க்கரையா? அந்தக் கிரேக்கத்துப் பொம்பள ஏதோ ஓதிட்டுப் போயிருக்கு, நீங்க பயந்து போயிட்டீங்க."

இவரிடம் பேசுவதும் அவர் வெட்டிய குவாரிப் பள்ளத்தைப் பார்த்துப் பேசுவதும் ஒன்றுதான் என்று வெளியே வந்தாள். அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். தெஸ்பீனாவுக்கு ஒரு வார்த்தை, தீர்ப்பாயத்துக்கு ஒரு வார்த்தை போதும். அவள் ஷாநவாஸைக் கூப்பிட்டாள்.

"ஒரு சந்தேகம். கல்லோட தோலுன்னு சொன்னீங்களே, அது தேஞ்சு போனா?"

"தேஞ்ச அளவுக்கு அந்தக் காலம் போயிடும் மேடம். கருவி இருக்கறதைத்தான் படிக்கும். இல்லாததைப் படிக்கத் தெரியாது. கேஸ் சம்பந்தமாக் கேக்கறீங்களா?"

"சும்மா கேட்டேன்."

தீவுப் பெண்கள் தடவிய எண்ணெய், முதல் கதிர், கோயில் காலத்து விளக்குப் புகை எல்லாம் ஒரு நகக் கனம். அது போய்விட்டால் மிஞ்சுவது புதுக் கல். புதுக் கல்லில் இருப்பது நம் கை மட்டும். மரகதவல்லிக்கு அந்தச் சுழித்த உதடு ஞாபகம் வந்தது உண்மை. கூடவே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற துர்க்கையும் கண்ணுக்குள் வந்து நின்றாள். கொண்டல்சாமியைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சைச் சாறு அபிஷேகத்தை இரண்டு மடங்கு ஆக்கச் சொன்னாள்.

இறுதி அளவீட்டுக்குத் தீர்ப்பாயமே நேரில் வந்தது. மூன்று நடுவர்கள், மூன்று பேரும் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவசத்தை எடுத்தார்கள், புடவையை எடுத்தார்கள். கூட்டத்தில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கதிர்க்கட்டு இருந்த கையில் கொழுக்கட்டை மாதிரி ஒரு கட்டி இருந்தது. முகம் என்று சொல்ல மேடும் பள்ளமும் இருந்தன, அவ்வளவுதான்.

ஷாநவாஸ் அளந்து முடித்து, திரையைப் பார்த்து, மரகதவல்லியைப் பார்த்தார். காரணம் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. "மாமல்லபுரம், இதுவரை எங்கயும் பதிவாகாத அடர்த்தி. கிரேக்கம், இல்லை" என்று வாசித்தார்.

தெஸ்பீனா எழுந்தாள். "இல்லை என்றால் எங்கே போயிற்று என்று நடுவர்கள் கேட்க மாட்டார்களா? அவளைக் கரைத்துவிட்டார்கள்."

மரகதவல்லி எழுந்தாள். இதற்கென்று செதுக்கி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள். "பந்தம் என்பது ஒரு காலத்தில் இருந்தது அல்ல, இன்று இருப்பது. கல்லே மறந்துவிட்டதை நாம் நினைவுபடுத்த முடியாது. அன்பு காட்டும்போது பொருள் தேயத்தான் செய்யும். தேயாமல் பூட்டி வைப்பது அன்பும் அல்ல." கூட்டம் கை தட்டியது. நடுவர்களில் ஒருவர் அந்த வாக்கியத்தை அப்படியே தீர்ப்பில் சேர்த்துக்கொண்டார். தேவி மாமல்லபுரத்திலேயே இருக்கலாம் என்று ஆயிற்று. இனி இதுவே முன்மாதிரி என்றும் சொன்னார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தெஸ்பீனா சிலைக்கு முன்னால் நின்றிருந்தாள். மரகதவல்லி பக்கத்தில் வந்ததும் திரும்பாமலே கேட்டாள். "ஊருக்குப் போகுமுன் ஒருமுறை அவளைத் தொடலாமா?"

"தாராளமாத் தொடுங்க. ஆனா அதுவும் எங்க கணக்குலதான் சேரும்."

ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெயித்தவள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். தெஸ்பீனா பாதிவரை நீட்டிய கையை மடக்கி, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அசட்டு ரோஷம் என்று மரகதவல்லி உதட்டைச் சுழித்தாள்.

மலைக்கொழுந்து சொன்ன சொல் காப்பாற்றினார். பத்தே நாளில் கையெழுத்து வந்தது. துர்க்கைக்கான மனுவை, தள்ளுபடி ஆகவே முடியாதபடி, மரகதவல்லி தானே எழுதினாள். எண்ணூறு வருஷத்து எண்ணெய், எண்ணூறு வருஷத்துக் குங்குமம். வெள்ளைக்காரன் பூட்டி வைத்திருந்த காலமோ அதில் ஒரு கொசுறு. எந்தப் பந்தமானியை வைத்துப் பார்த்தாலும் துர்க்கை சேந்தனேரிக்குத்தான். ஊருக்குச் சொல்லி சிமெண்ட் துர்க்கையை அப்புறப்படுத்தச் சொன்னாள். "வரட்டும், அப்புறம் பாப்போம். சுத்துற லைட்டு புதுசா மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகல" என்றார் தர்மகர்த்தா.

வடதேசத்து நகரம் மதிலுக்குப் பின்னால் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். அருங்காட்சியகத்தின் கூடத்துக்குள் நுழைந்ததும் மரகதவல்லி துர்க்கையைத் தேடினாள். எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு சிலை நின்றது. கண்ணாடி இல்லை. வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள் வந்து அதன் காலைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு தம்பதி அதன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்கள். பக்கத்துச் சுவரில் ஒரு மின்பலகை, ஒவ்வொரு கை படும்போதும் எண் ஏறியது. அந்த எருமைத் தலையையும் அதன் மேல் ஊன்றிய காலையும் பார்த்த பிறகுதான் அது துர்க்கை என்று அவளுக்கு உறைத்தது.

அருங்காட்சியகத்தின் வக்கீல் வெள்ளைத் தலை, மிருதுவான ஆள். மொழிபெயர்ப்பி அவரையும் அதே செய்தி வாசிப்பாளர் ஆக்கியது.

"மாமல்லபுரத் தீர்ப்பைப் படித்ததும் நாங்கள் எங்கள் தவறை உணர்ந்தோம். கண்ணாடியை அகற்றினோம். எங்கள் மக்கள் அவளை நேசிக்கிறார்கள். அதற்கு முன் நீராவியால் அவளைத் தூய்மை செய்தோம். பல நூற்றாண்டு அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருந்தது. பலமுறை செய்ய வேண்டியிருந்தது."

ஷாநவாஸ் அங்கேயும் வந்திருந்தார். அளந்தார். இந்த முறை அவர் மரகதவல்லியைப் பார்க்கவே இல்லை. "சேந்தனேரி, இல்லை" என்று வாசித்தார்.

மரகதவல்லி எழுந்து பேசினாள். அழுக்கு இல்லை, அது எங்கள் ஊர்ப் பெண்கள் எண்ணூறு வருஷமாகத் தடவிய எண்ணெய் என்றாள். சுரண்டி எடுத்துவிட்டு இல்லை என்பது எந்த ஊர் நியாயம் என்றாள். குரல் உடைந்தது. முப்பது வருஷத்தில் ஒரு நீதிமன்றத்திலும் அது உடைந்ததில்லை. அவள் பேசி முடிக்கும்வரை வெள்ளைத் தலை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு ஒரு தாளை எடுத்து வாசித்தார். தமிழில் பிறந்து, அவர்கள் மொழிக்குப் போய், திரும்பவும் தமிழாகி அவள் காதுக்குள் வந்தது.

"பந்தம் என்பது முன்பு இருந்ததல்ல, இப்போது இருப்பது. கல் மறந்ததை நாம் அதற்கு நினைவூட்ட இயலாது. அன்பு செலுத்துகையில் பொருள் தேயும். இவ்வளவு அழகாக என்னால் சொல்ல முடியாது என்பதால், மாண்புமிகு வழக்கறிஞரின் சொற்களையே பயன்படுத்திக்கொண்டேன்."

தீர்ப்பு எழுத நடுவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர்கள் எழுந்து போன பிறகும் மரகதவல்லி உட்கார்ந்தே இருந்தாள். நெஞ்சு எரிந்தது. கைப்பையில் கொண்டல்சாமி வழிக்கு நிரப்பிக் கொடுத்த தீர்த்தப் பாட்டில் இருந்தது. திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். அந்த மூக்கு, அந்த இமை, அந்தச் சுழித்த உதடு, இந்த மடக்கில் எது கரைந்திருந்தது என்று தெரியவில்லை. எரிச்சல் அடங்கிற்று. அதுதான் தாங்க முடியவில்லை.

எழுந்து துர்க்கைக்கு முன்னால் போய் நின்றாள். முப்பது வருஷமாக இவளுக்காக எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள், எத்தனையோ பேரை மனிதராகவே மதிக்காமல் இருந்திருக்கிறாள். ஒரு தடவைகூட இவளைத் தொட்டதில்லை. வரிசையை ஒழுங்கு செய்கிற பணிப்பெண் புன்னகையோடு வந்தாள்.

"தயங்க வேண்டாம், அம்மையீர். எல்லோரும் தொடலாம்."

மரகதவல்லிக்குத் தெஸ்பீனாவின் கை ஞாபகம் வந்தது. பாதிவரை நீண்டு, மடங்கி, கோட்டுப் பைக்குள் போன கை. அன்று அதை ரோஷம் என்று நினைத்தாள். அது அவ்வளவு சுலபமில்லை என்று இப்போது தெரிந்தது. தன் கையைத் தானும் பைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். கை கேட்கவில்லை. அது போய்த் துர்க்கையின் பாதத்தில் விழுந்தது. எண்ணெய் இல்லை, பிசுக்கு இல்லை, கழுவி வைத்த தட்டைப் போல வழவழவென்று இருந்தது. எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துச் சுவரில் எண் ஒன்று ஏறியது.